மஞ்சள் சட்டை அடித்த கோல்

கால்பந்துக் கழகச் செயலாளர் என்பது சம்பளம் இல்லாத, விடுப்பு இல்லாத, ராஜினாமா கொடுத்தாலும் யாரும் வாங்கிக்கொள்ளாத உத்தியோகம். கோயில் கமிட்டியிலோ பழைய மாணவர் சங்கத்திலோ செயலாளராக இருந்து, சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து போன் அடிக்கிற கொடுமையை அனுபவித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், உங்கள் முறை வராமலா போய்விடும்? ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். கோலை மாற்றவில்லை.

தலையாட்டிய குற்றம்

சிங்கப்பூரில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு யாங்கோனுக்குத் திரும்பி, தாமுவேயில் எங்கள் பழைய வீட்டிலேயே குடியேறிய புதிது. ஒரு மாலை பொழுது போகாமல் மைதானத்துப் பக்கம் போனேன். துறைமுகத்துக்கும் ரயில்வேக்கும் வேலைக்கு வந்த தமிழர்கள் ஆரம்பித்த கழகம், சின்ன வயதில் நான் பார்த்த அதே மஞ்சள் சட்டையில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், "தம்பிக்குத் தமிழ் எழுத வருமா? பர்மீஸும் வருமா?" என்று கேட்டார். இரண்டு பள்ளிக்கூடத்தில் இரண்டு மொழியில் படித்தவன் என்ற கர்வத்தில் பலமாகத் தலையாட்டினேன்.

அவர்தான் கழகத் தலைவர் ஊ செல்லையா. இங்கே பெரியவர்களின் பெயருக்கு முன் ஆணுக்கு 'ஊ', பெண்ணுக்கு 'டோ' என்று மரியாதை சேர்ப்போம். ஆண்டு விழா மலருக்குக் கழக வரலாறு எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்காகத் தமிழிலும், அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்காகப் பர்மீஸிலும் வேண்டுமாம். அத்துடன் காலியாக இருந்த செயலாளர் பதவியையும் சேர்த்துத் தலையில் கட்டினார். எனக்குப் பந்தை ஒழுங்காக உதைக்கக்கூடத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். "உதைக்கிறவன் எழுத மாட்டான், எழுதுறவன் உதைக்க மாட்டான். நீங்கதான் சரியான ஆளு, தம்பி."

சாயம்

வரலாறு என்றால் முதலில் சட்டை. கடைகளில் கலர்த் துணியே கிடைக்காத காலத்தில், கூட்டுறவுக் கடையில் கிடைத்த வெள்ளைத் துணியில் சட்டை தைத்திருக்கிறார்கள். கலருக்கு எங்கே போவது? காவடிக்கு வேட்டி நனைக்கிற மஞ்சள்தான். திருவிழாவுக்குத் துணி நனைத்துக் கொடுக்கும் டோ மாரியம்மா, அப்போது இளம்பெண், அதே அண்டாவில் பதினோரு சட்டையையும் முக்கி எடுத்துக் கொடியில் போட்டாராம். காய்ந்ததும் தெருவே பளிச்சென்று இருந்ததாம்.

அந்தச் சட்டையோடு நம்மவர்கள் படகேறி, பானைக்குப் பேர்போன த்வாண்டேக்குப் போனார்கள். எதிரே குயவர் பிள்ளைகளின் அணி, வெள்ளைச் சட்டையில். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பிடித்தது மழை. மஞ்சள் கரைந்தது. மோதுகிறவர், இடிக்கிறவர், விழுந்து கட்டிப் புரளுகிறவர் என்று எல்லார் மேலும் ஒட்டியது. பாதி ஆட்டத்துக்குள் இருபத்திரண்டு பேரும் ஒரே நிறம். நம்மவர்கள் எதிரிக்குப் பந்து கொடுத்தார்கள். எதிரிகள் 'நன்றி' சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். மஞ்சள் நிற்காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று டோ மாரியம்மாவிடம் கேட்டேன். குவளையைக் கீழே வைத்துவிட்டு முறைத்தார். "ஓடுறதுக்குச் சட்டைன்னு கேட்டாங்க, குடுத்தேன். மழையில ஓடுறதுக்குன்னு எவன் சொன்னான்?"

ஒரே கோல், இரண்டு கால்

அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் விழுந்தது. நாம் ஜெயித்தோம். கோல் வாசலில் ஒரு கும்பலே புரண்டு, எழுந்து பார்த்தால் பந்து வலைக்குள் கிடந்தது. அடித்தது நான்தான் என்று பீட்டர் அண்ணன் கையைத் தூக்கினார். நான்தான் என்று கோவிந்தன் அண்ணனும் தூக்கினார். தூக்கிய கை இரண்டும் இன்னும் இறங்கவில்லை. கல்யாணம், காது குத்து, கிறிஸ்துமஸ் என்று ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவார்கள். அந்த ஆட்டத்தின் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் ஒருவர் எழுந்து போய்விடுவார்.

பீட்டர் அண்ணன் பேங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன், ஆண்டு விழா முடிந்த வாரமே அவரை நிரந்தரமாக அழைத்துக்கொள்கிறான். ஒருநாள் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி, அங்க என்னைத் தெரிஞ்சவன் எவனும் இல்ல. பேரனுக்குக் காட்ட அந்த ஒரு கோல்தான் இருக்கு. புஸ்தகத்துல பேரைப் போட்டுடுங்க."

மனம் இளகி, எழுதிவிடலாம் என்றே இருந்தேன். நியாயத்துக்காகக் கோவிந்தன் அண்ணனின் டீக்கடைக்கும் ஒரு நடை போனேன். அவர் கோபப்படவே இல்லை. பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பீட்டரு தங்கமான மனுசன், பொய் சொல்ல மாட்டாரு. அன்னைக்கு அவரு கண்ணு ரெண்டுலயும் மஞ்சத் தண்ணி, அவ்வளவுதான்."

பந்துக்கு அருள்

இந்த இழுபறிக்கு நடுவே ஆண்டு விழா ஆட்டத்துக்குப் புதுப் பந்து வந்தது. எங்கள் கழகத்தில் புதுப் பந்து நேராக மைதானத்துக்குப் போகாது. முதலில் அம்மன் கோயில். குருக்கள் விபூதி பூசிப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழத்தோடு கொடுப்பார். அங்கிருந்து மாதா கோயில். பாதிரியார் பொட்டைப் பார்த்தும் பார்க்காதது போல் தண்ணீர் தெளிப்பார். இந்த வருஷம் எங்கள் கோல்கீப்பர் பர்மியப் பையன் கோ ஸோ, புத்தர் பகோடாவுக்கும் கொண்டுபோக வேண்டும் என்றான். போனோம்.

திரும்பும் வழியெல்லாம் பந்தை மடியில் வைத்து யோசனையாகவே வந்தான். இளசுகள் என்னை 'ஊலே' என்பார்கள், சித்தப்பா மாதிரி. இறங்கும்போது பர்மீஸில் கேட்டான்: "ஊலே, மூணு இடத்துலயும் பந்துக்குத்தானே அருள் வாங்கினோம்? இதே பந்தைத்தானே அவங்களும் என்னைப் பார்த்து அடிப்பாங்க?"

வேலியோரத்துத் தமிழ்

பயிற்சி நேரத்தில் பெரியவர்கள் வேலியோரம் நின்று தமிழில் கத்துவார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், ஆனால் பர்மீஸ்தான் வேகமாக வரும். 'இடது பக்கம் கொடுடா' என்று பெரியவர் முடிப்பதற்குள் பந்து போயே போய்விடும். முன்வரிசை ஆட்டக்காரன் ராஜா ஒருநாள் பொறுக்க முடியாமல் வேலியோரத்துப் பெரியவரிடமே வந்துவிட்டான். "பாஸ் பண்றதை பர்மீஸ்ல சொல்லுங்க, ஊலே. திட்டுறதை மட்டும் தமிழ்லயே வச்சுக்கலாம், அது நல்லா இருக்கு."

குயவர் சொன்னது

இரண்டு கட்சிக்கும் பொதுவான சாட்சி ஒருவர்தான் மிச்சம் என்று எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது: அன்று த்வாண்டேயின் கோல் வாசலில் நின்றவர். ஆற்றைக் கடந்து போய் விசாரித்தேன். ஊ டின் ஹ்லா, இன்னும் சக்கரத்தில் பானை வனைகிறார். கேள்வியைக் கேட்டதும் கையில் களிமண்ணோடு விழுந்து விழுந்து சிரித்தார். பந்து பட்டது அவருடைய சொந்தத் தம்பியின் முழங்காலில். கோலைத் தடுக்கப் பாய்ந்தவன், தானே உள்ளே தள்ளிவிட்டான். அப்போது அவனும் மஞ்சளாக இருந்ததால், எதிரணி ஆள் என்று நினைத்து அண்ணனே அவனை ஓர் உதை விட்டிருக்கிறார்.

எனக்குத் தலை சுற்றியது. பீட்டர் அண்ணனும் இல்லை, கோவிந்தன் அண்ணனும் இல்லை. இதை எழுதினால் ஒருவர் வெறுங்கையோடு விமானம் ஏறுவார், இன்னொருவர் வெறுங்கையோடு பால் ஆற்றுவார். எழுதாவிட்டால் பொய். ஊ டின் ஹ்லா சிரிப்பை நிறுத்தி, ஒரு தண்ணீர்ப் பானையை என் கையில் கொடுத்தார். எழுதுகிறவன் என்பதால் என்னை 'ஸயா', அதாவது வாத்தியார், என்றுதான் கூப்பிட்டார். "என் தம்பி இப்ப உயிரோட இல்ல, ஸயா. அன்னைக்கு எத்தனையோ கோலைத் தடுத்ததாச் சொல்லித்தான் அவன் கல்யாணத்துக்குப் பெண்ணே கேட்டான். அவன் சம்சாரம் இன்னும் பெருமையாச் சொல்லிட்டிருக்கா. பார்த்து எழுதுங்க."

ஆண்டு விழா

ஊ டின் ஹ்லாவை விழாவுக்கு அழைத்தேன். நல்ல யோசனை என்று நினைத்தேன். மதியச் சாப்பாட்டில் பீட்டர், கோவிந்தன் இருவருக்கும் நடுவில் அவரைச் செல்லையா உட்காரவைத்தபோதுதான் என் தப்பு தெரிந்தது. பருப்புக்கு அடுத்து ரசம் வருவதற்குள் பீட்டர் அண்ணன் கேட்டேவிட்டார். "நீங்கதானே கோல்ல நின்னீங்க. சத்தியமாச் சொல்லுங்க. அடிச்சது யாரு?" கோவிந்தன் அண்ணன் எழுந்து போகவில்லை. குயவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

குயவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நிதானமாக, "மஞ்சள் சட்டை. அதை மட்டும் தெளிவாப் பார்த்தேன்" என்றார். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய மலரின் மெய்ப்புப் பிரதி என் பையில் இருந்தது. அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அங்கேயே பேனாவை எடுத்து, 'அந்தக் கோலை அடித்தது மஞ்சள் சட்டை' என்று எழுதி பீட்டர் அண்ணனிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். தாடை இறுகியது. மெல்ல அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பார்த்தால், சிரிக்கிறார். குயவரைத் தாண்டிக் கையை நீட்டிக் கோவிந்தன் அண்ணனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "சரிடா கோவிந்தா. ஆஸ்திரேலியாவுல நான் அடிச்சது. தாமுவேயில நீ அடிச்சுக்க."

ஆக, கோலே அடிக்காத இரண்டு பேரை ஒரே கோலுக்கு இரண்டு நாட்டில் சொந்தக்காரர்களாக்கிய வரலாற்றாசிரியன் என்கிற தகுதியோடு, அடுத்த பொதுக்குழுவிலும் என் ராஜினாமா கைதட்டலுடன் நிராகரிக்கப்படக் காத்திருக்கிறேன்.