எதுக்குங்க ஆசிட்?

வாங்க வந்தவரிடம் "எதுக்கு?" என்று கேட்டாக வேண்டிய வியாபாரம் எங்களுடையது. ஆசிட் விற்று அவதிப்படுகிற கடைக்காரர்களே, உங்களுக்குத் தெரியாததா? பினாயில் என்றால் காசை வாங்கிக்கொண்டு கொடுத்துவிடலாம். ஆசிட் என்றால் சட்டம் குறுக்கே நிற்கும். பேர், விலாசம், அடையாள அட்டை, காரணம் எல்லாம் கேட்க வேண்டும். பெண்களின் முகங்கள் வெந்த பிறகு வந்த சட்டம் அது. அதனால் நான் கேட்காமல் விடுவதில்லை.

என்னிடம் ஒரு பலவீனம் உண்டு. மத்தியானத்தில் மலை மேல் மேகம் இறங்கி, தெருவில் ஆட்டோ சத்தம் ஓய்ந்துவிட்டால், கல்லாவில் உட்கார்ந்தபடியே கனவு காண்பேன். வந்தவர் ஒரு காரணத்தைச் சொன்னால் போதும், அதற்குள்ளே போய் உலாவிவிட்டுத்தான் திரும்புவேன்.

கீழ்பென்னாத்தூர்க்காரர்

பஸ்ஸைவிட்டு இறங்கி நேராக வந்தார். கக்கூஸ் கழுவ ஆசிட் வேண்டுமாம். ஆதார் கேட்டதும், நிலத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். எல்லாப் பையையும் துழாவிக் கடைசியில் எடுத்துக் கொடுத்தார். விலாசம் கேட்டேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா, பாட்டிலை எங்கே வைப்பீர்கள் என்றும் கேட்டேன். மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணு பாக்கப் போனப்ப என் மாமனாரு கூட இவ்ளோ கேள்வி கேக்கலம்மா!"

டைல்ஸ் கறை

அடி அண்ணாமலையில் புது வீடு கட்டுகிறவர் ஒருவர் வந்தார். டைல்ஸில் சிமெண்ட் கறை என்றார். அவ்வளவுதான், நான் அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். ஈரத் தரையில் மலை தலைகீழாகத் தெரிந்தது. ஜன்னல் வழியே கடலைக்காட்டுக் காற்று வந்தது. சமையலறை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தபோது அவர் மேஜையைத் தட்டினார்.

"வூட்ட கிரகப்பிரவேசத்துக்கு வந்து பாருங்க, இப்ப ஆசிட்ட குடுங்க!"

எதிர்க்கடை

எதிரே சேகரின் ஹார்டுவேர் கடை. பௌர்ணமி கிரிவலத்துக்கு முன்னால் லாட்ஜுகள் எல்லாம் கழுவித் தள்ளும் நேரம். லாட்ஜ் ஆள் ஒருவர் அட்டை இல்லாமல் வந்தார். நான் மறுத்ததும் தெருவைக் கடந்தார், ஒரே நிமிடத்தில் பாட்டிலோடு போனார். எனக்கு வயிறு எரிந்தது. "நீங்க ஏன் கேக்கறதில்ல?" என்று சேகரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே டீயை உறிஞ்சினார்.

"கேள்வி ஜாஸ்தியானா வியாபாரம் கம்மியாய்டும் பர்வீன்க்கா, நான் மூஞ்சியப் பாத்தே ஆளு எப்படினு சொல்லிடுவேன்."

தூறல் விழுந்த நாள்

செல்போன் கடையில் வேலை செய்கிற பெண் ஒருத்தி நனைந்துகொண்டு வந்தாள். ஆசிட் கேட்டாள். கேட்டதும் அட்டையைக் கொடுத்தாள். "எதுக்கும்மா?" என்றேன். அவள் வாய் திறக்குமுன்பே என் கனவு கிளம்பிவிட்டது. புதிதாகக் கல்யாணமானவள், வாடகை வீடு, பாசி பிடித்த குளியலறை, பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி தேய்க்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள். ஒருவன் பின்னாலேயே வருகிறானாம். இவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். முகத்தில் ஊற்றிவிடுவேன் என்று பஸ் ஸ்டாண்டில் வைத்து மிரட்டியிருக்கிறான். வீட்டில், "அவனுக்கு யாரு குடுப்பாங்க, சும்மா சொல்றான்" என்றார்களாம். கிடைக்குமா கிடைக்காதா என்று பார்க்க, இவளே கடை கடையாக ஏறி இறங்குகிறாள். பையைத் திறந்து காட்டினாள். எதிர்க்கடையில் ஒரு கேள்வியும் இல்லாமல் வாங்கிய பாட்டில் உள்ளே இருந்தது. "நான் கேக்காம யாருக்கும் தரமாட்டேம்மா" என்றேன்.

"நீங்க கேப்பீங்கக்கா, ஆனா அவன் உங்க கடைக்கு வரமாட்டானே."

பாட்டில் திரும்பிய கதை

அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். அந்தப் பாட்டிலை சேகரின் மேஜை மேல் வைத்தேன். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் செத்துவிட்டது. பிறகு ஷட்டரை இழுத்துவிட்டு, எங்களோடு மகளிர் காவல் நிலையத்துக்கு வந்தார். புகார் எழுதிக்கொண்டார்கள், அவனைக் கூப்பிட்டு விசாரிப்பதாகச் சொன்னார்கள். வெளியே வந்ததும் சேகர் அவளிடம் மெதுவாகச் சொன்னார்.

"உன் மூஞ்சியப் பாத்துட்டுத்தாம்மா குடுத்தேன், அவன் மூஞ்சியப் பாத்திருந்தாலும் குடுத்திருப்பேன்."

இப்போது எங்கள் தெருவில் இரண்டு கடையிலும் ஆசிட் வியாபாரம் படுத்துவிட்டது. அடுத்த தெருவிலும் படுக்க வேண்டும் என்று தினமும் அல்லாஹ்விடம் துவா கேட்கிறேன்.