கழுத்தா, காதா?

வெள்ளிக்கிழமை என்றால் நான் கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறி, தனியாகக் கண்டிக்குப் போய், கோயிலில் கும்பிட்டு, மார்க்கெட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு வருவேன். யாரும் கூட வர வேண்டியதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. போன மழைக்காலத்தில் அதற்கு ஆபத்து வந்தது. பஸ் பாலத்தில் திரும்பும்போது தலை கிறுகிறுவென்று சுற்றி, பக்கத்து சீட்டுக்காரர் மடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். நல்ல மனுஷன். முதலில் அவருடைய முறுக்குப் பையைத்தான் காப்பாற்றினார்.

விஷயம் தெரிந்ததும் மகள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "இனிமே தனியா பஸ் கிடையாதும்மா."

ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பு தேய்ந்திருந்தது. தேயாமல் என்ன செய்யும்? தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை மலையாய் ஏறிய கழுத்து அது. ஆனால் இந்தச் சுற்றல் கழுத்தாலா, காதாலா என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். உள்காதுதான் மனுஷனை விழாமல் நிறுத்துகிறதாம். தோடு போடவும் ஊர்க்கதை கேட்கவும்தான் காது என்று நான் நினைத்திருந்தேன்.

"மத்தவங்களுக்குத் தலையைப் பிடிச்சு டக்குனு திருப்பிப் பார்ப்போம். உங்க கழுத்துக்கு அது ஆகாது. காதுல தண்ணி விட்டுத்தான் பார்க்கணும். இப்ப சாப்பிடுற தலைசுத்து மாத்திரையை மட்டும் சோதனைக்கு முன்கூட்டியே நிறுத்திடுங்க" என்றார்.

நிறுத்தினேன். ஆனால் டாக்டர்மாருக்குக் காட்டப் போகிற காது வறண்டு கிடக்கலாமா? சோதனை அன்று காலையில் நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சி, இரண்டு காதிலும் விட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

சோதிக்கிற அறையில் வேலை செய்வது ஒரு முஸ்லிம் பெண்பிள்ளை. காதுக்குள் லைட் அடித்துப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா, பூண்டு மணக்குது? காதுக்குள்ள கறி தாளிச்சீங்களா?"

கூட வந்திருந்த மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எண்ணெய் கிடந்தால் சோதனை சரிவராதாம். வேறு அறைக்கு அனுப்பி, காதைத் துப்புரவாக்கி, திரும்பி வர மத்தியானம் ஆகிவிட்டது.

பிறகு கட்டிலில் சாய்த்துப் படுக்கவைத்து, கழுத்துக்குத் தலையணை கொடுத்து, கறுப்புக் கண்ணாடி ஒன்று மாட்டினாள். அதற்குள் கமரா. காதில் சூடான தண்ணீர் போனால் கண் தானாக ஆடுமாம். அந்த ஆட்டத்தைத்தான் பார்ப்பார்கள்.

"பேசிக்கிட்டே இருக்கணும்மா. இல்லாட்டி கண்ணு சரியாக் காட்டாது. அ, ஆ, இ, ஈ சொல்லுங்க."

"அந்த எழுத்துங்களுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல. வேற கேளு."

"சரி, பலாக்காய்க் கறி எப்படி வைப்பீங்க?"

வலது காதில் தண்ணீர் போனது. "பிஞ்சுக் காயா நறுக்கி, மஞ்சள் போட்டு..." அதற்குள் கட்டில் கிளம்பிவிட்டது! யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு கண்டி வாவியைச் சுற்றி ஓடுவது மாதிரி.

"நிப்பாட்டாதீங்க, அப்புறம்?"

"தேங்காய்ப்பால்... அடியே, நான் விழப் போறேன்!"

"விழமாட்டீங்க, பிடிச்சிருக்கேன். கறுவாப்பட்டை போடலையா?"

"பலாக்காய்க்கு எதுக்குடி கறுவா? உங்க வீட்டுப் புரியாணியா இது?"

அவள் சிரித்து முடிப்பதற்குள் வாவியைச் சுற்றிய ஓட்டம் நின்றுவிட்டது.

கொஞ்சம் இளைப்பாறிய பின் இடது காது. சூடான தண்ணீர் விட்டாள், குளிர்ந்த தண்ணீரும் விட்டாள். நான் கறியை முடித்து ரசத்துக்கே வந்துவிட்டேன். கட்டில் அசையவே இல்லை.

"பார்த்தியா, இந்தக் காது எவ்வளவு கெட்டி!" என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "அம்மா, சுத்தணும். சுத்தாத காதுதான் பழுது."

டாக்டரும் அதையே சொன்னார். இடது காது மந்தம், தலைசுற்றலுக்குக் கழுத்தின் மேல் பழி போட வேண்டாம் என்று. கட்டைவிரலைப் பார்த்தபடி, கழுத்து வலிக்காத அளவுக்குத் தலையை மெதுவாகத் திருப்பும் பயிற்சி கொடுத்தார்.

மகள் வாய் திறக்கும் முன் நான் கேட்டேன். "தனியா பஸ்?"

"பயிற்சி செஞ்சிட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

தினமும் செய்தேன். "விரலோட என்னம்மா முறைப்பு?" என்று மகள் கேலி செய்தாள். அடுத்த முறை என்னை நடக்கவிட்டு, கண்ணை மூடி நிற்கவிட்டுப் பார்த்த டாக்டர், உட்கார்ந்து போவதானால் போகலாம் என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறேன், மகள் போன் அடிக்கிறாள்.

"அம்மா, கண்டிக்குப் போயிட்டீங்களா?"

"எங்க போறது? வந்த பஸ்ஸெல்லாம் சீட் இல்லாத பஸ். விட்டுட்டேன்."

"அப்ப வீட்டுக்கு வந்துடுங்களேன்."

"இந்தா ஒண்ணு வருது, ஜன்னலோரம் காலியா இருக்கு. போனை வை, ஏற ரெண்டு கையும் வேணும்."