விரதமென்று எண்ணிக் குடித்த பால்

“வெள்ளி காலை எட்டு மணி. குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் சோதனை. முதல்நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்.” என் நாட்குறிப்பில் நானே எழுதியது இது. மூன்று மாதமாக மலத்தோடு இரத்தம் போனது. என் அண்ணை குடல் புற்றுநோயால் இறந்தவர்.

வியாழன் பின்னேரம், வயிற்றைக் கழுவும் மருந்தைக் குடித்துச் சோர்ந்திருந்தபோது மனைவி பாலும் வாழைப்பழமும் கொண்டுவந்தாள்.

“உது சாப்பாடே? கந்தசட்டி ஆறு நாளும் உதோடைதானே இருக்கிறனீங்கள்.”

எனக்கும் சரியாகவே பட்டது. எங்கள் வீட்டில் பாலும் பழமும் விரதத்தை முறிப்பதில்லை.

மறுநாள் கிளினிக்கில் வைத்தியர் கமராவைப் பாதியிலேயே வெளியே எடுத்து, முதல்நாள் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். விரதத்துக்குப் போலப் பாலும் வாழைப்பழமும் என்றேன்.

“ஐயா, உங்கடை விரதம் முருகனுக்குப் போதும். எனக்குக் காணாது. உள்ளுக்கை ஒண்டும் வடிவாத் தெரியேல்லை.”

அடுத்த திகதி ஏழு கிழமை கழித்து, ஏறக்குறைய இரண்டு மாதத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. புற்றுநோயென்றால் அதற்குள் எவ்வளவு பரவுமோ என்ற நினைப்போடு வீடு திரும்பினேன்.

இப்போது எதை வாயில் வைப்பதென்றாலும் முதலில் கிளினிக் தாதியிடம் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறேன். அன்று பார்த்த அளவில் குடலின் வளைவில் சிறு தடிப்பு ஒன்று தெரிந்ததாக வைத்தியர் சொன்னார். அது கட்டியா, ஒட்டிக்கிடந்த வாழைப்பழமா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.