நாலாவது பாட்டின் தாளம்

ஜெர்லின் சும்மா சத்தியம் செய்கிறவள் இல்லை. அவளே மாதா படத்தைத் தொட்டுச் சொன்னது இது. போன பிப்ரவரி நாலாம் தேதி, மரக்காணம் உப்பளத்தில், பட்டப்பகலில் நடந்தது. நம்பாதவர்கள் சார்லஸின் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொள்ளலாம்.

சார்லஸ் என்றால் வெறும் சார்லஸ் இல்லை, 'நெய்தல்' சார்லஸ். தானே எழுதி, தானே மெட்டுப்போட்டு, தானே பாடி, தன்னை 'உப்பின் தூதுவர்' என்று தானே அறிவித்துக்கொண்டவர். போஸ்டரில் மட்டும் வெறுங்காலோடு நிற்பார். பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர் போட்ட முதல் ஆல்பம் 'வெள்ளைப் பாத்தி'. முந்நூறு சிடி அடித்து, விற்றது பதினொன்று. அதில் ஏழு அவருடைய அம்மா வாங்கியது. இப்போது அவருக்குப் புகழ் வந்துவிட்டதால் அதுவும் காவியமாகிவிட்டது. மறுவெளியீட்டுக்குப் பழைய ஒலியைத் துலக்கித் தரும் வேலை, குயிலாப்பாளையத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜெர்லினுக்கு வந்தது.

சிக்கல் நாலாவது பாட்டில். அதற்குத் தாளம் மேளம் இல்லை, பாத்தி மிதிக்கும் சத்தம். உப்பு வாரும் காலம் தொடங்குவதற்கு முன், பாத்தியின் ஈரக் களிமண்ணை வெறுங்காலால் மிதித்து மிதித்துக் கெட்டியாக்குவார்கள். சப்... சப்... சப்...

"மிதிச்சது யாருங்க சார்? அட்டையில பேரு போடணும்" என்றாள் ஜெர்லின்.

"நான்தாம்மா. அந்த ஆல்பத்துல எல்லாமே நான்தான்."

"கேட்டா உப்பளத்து ஆளு மிதி மாதிரி இருக்குது."

சார்லஸுக்குச் சுருக்கென்றது. "மிதிச்சே காட்டுறேன். கேமராவுல புடிங்க. வேற எவன் பேரும் அட்டையில வரக் கூடாது."

பிப்ரவரி நாலு, உப்பளத்தில் பகல் 12.10. பாத்தியைக் குத்தகைக்கு எடுத்திருந்த பாலகுரு, தூதுவரின் காலைக் குனிந்து பார்த்தார். கால் நிறத்திலேயே சாக்ஸ்.

"கழட்டுங்க சார். பாத்தியில வெறுங்கால்தான் படணும்."

"உப்பு அரிக்கும்ப்பா."

12.17. ஜெர்லின் ஹெட்போனை மாட்டினாள். சார்லஸ் சாக்ஸோடேயே மிதித்தார். சப்... சளக்... சப்... சளக். தாளம் நொண்டியது.

"எருமை சேத்துல எறங்குன மாதிரி இருக்குதுங்களே" என்றார் பாலகுரு.

12.21. ஹெட்போனில் தாளம் திடீரென்று சரியாக விழுந்தது. சப்... சப்... சப்...

ஜெர்லின் நிமிர்ந்தாள். சார்லஸ் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"சார், மிதிக்காதீங்க."

"நான் நின்னுட்டுத்தாம்மா இருக்கேன்!"

அவருக்குப் பின்னால் களிமண் அமுங்கியது. ஒரு குதிகால். ஐந்து விரல். அடுத்தது...

காலடி மட்டும். கால் இல்லை.

சார்லஸ் குப்புற விழுந்தார். முகம் சேற்றில் புதைந்தது. எழப் பார்த்தார். முதுகு பள்ளமாக அமுங்கியது. சப்... மறுபடி அமுங்கியது. சப்...

தலையைத் தூக்கி அலறினார். "தேவா! வேணாண்டா தேவா!"

விலா எலும்பு முறிந்தது. காய்ந்த சுள்ளி மாதிரி. ஹெட்போனில் துல்லியமாக...

பாலகுரு ஓடினார். ஏதோ ஒன்று அவர் முகத்தில் அறைந்தது. மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது.

சப்... சப்... சப்...

12.23. நின்றது.

ஏழு எலும்பு. சார்லஸ் பிழைத்தார். பேச்சு வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மூக்கில் பஞ்சோடு பாலகுரு சொன்னார்: "தேவா நம்ம உப்பளத்து ஆளுதாங்க. மிதிக்கிறதுல அவனை அடிச்சிக்க ஆளே கெடையாது. பதினாறு வருஷம் ஆச்சு... அந்தப் பாத்தியிலதான் செத்துக் கெடந்தான். பின்மண்டையில அடி. வழுக்கி விழுந்துட்டான்னு எழுதிட்டாங்க."

ஜெர்லின் ஸ்டூடியோவுக்குத் திரும்பினாள். சார்லஸ் கொடுத்திருந்த பழைய ஹார்ட் டிஸ்கில் அழித்திருந்த ஒரு பதிவை மீட்டெடுத்தாள். நாற்பத்தெட்டு நிமிஷம்.

தொடக்கத்தில் மிதிக்கும் சத்தம், பேச்சும் சிரிப்புமாக. ஒன்பதாவது நிமிஷத்தில் ஒரு குரல். "அட்டையில எம் பேரைப் போடுவியாப்பா?"

"டேய், மிதிக்கிறதுக்கெல்லாமா பேரு?" சார்லஸின் குரல்.

"அப்ப நான் மிதிச்சதை அழிச்சிடு."

ஓங்கி ஒரு அடி விழும் சத்தம். இன்னொன்று. இன்னொன்று. யாரோ ஓடும் சத்தம். பிறகு வெறும் காற்று... ஓட்டத்தில் பதிவுக் கருவியை சார்லஸ் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பதிவின் 22:05-வது நிமிஷம். சப்... சப்... சப்...

கடைசி வரை நிற்கவே இல்லை.

ஜெர்லின் அட்டைக்குத் தேவாவின் பெயரை அனுப்பினாள். பிறகு நாலாவது பாட்டை அந்தப் பதிவோடு வைத்துப் பொருத்திப் பார்த்தாள். முன்பகுதியில் எங்குமே பொருந்தவில்லை. சார்லஸ் பேச்சில்லாத இடமாகப் பார்த்து வெட்டியிருந்தார்.

22:05-லிருந்து.