டிஜிட்டல் டைரியில் ஸ்பேனர் இல்லை

2003-ஆம் ஆண்டு நவம்பர் 5, புதன்கிழமை, காலை 10.40. வானம் மூடிக் கிடந்தது. விடியற்காலையிலிருந்தே விட்டு விட்டுத் தூறல். கடல் பக்கமிருந்து ஈரக் காற்று. பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குப் பென்ஷன் வரும் வங்கியில் நின்றுகொண்டிருந்தேன். பென்ஷன் வாங்குகிறவர்கள் நவம்பரில் நேரில் போய், இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். என் டோக்கன் 47. அப்போது 41 ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் தெருமுனையில் மீன் விற்கும் பெண்மணியின் தம்பி சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். வரிசையில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றான்.

"பெர்சு, உன் மிஷின் தொறக்க மாட்டேங்குது. அக்கா பொண்ணுக்கு ரத்தம் வோணும்" என்றான்.

அந்த மிஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அளவில் ஒரு டிஜிட்டல் டைரி. வெளிநாட்டில் வேலை செய்யும் மகன் ஜூலை மாதம் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. பெயர், போன் நம்பர், விலாசம் எல்லாம் அதில் பதிந்து வைக்கலாம். பொங்கலுக்கும் பிறந்தநாளுக்கும் இப்போது பல வீடுகளில் இதைப் பரிசாகக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். முதன்முதலாக இதைக் கையில் வாங்குகிறவர்கள் நான் செய்ததைச் செய்யக்கூடாது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளையும் பெட்டிகளையும் எண்ணிக் குறித்துக்கொள்வதுதான் வேலை. முப்பத்து நான்கு வருடம். ஒருமுறை தொழிலாளி ஒருவரின் கால் நசுங்கி, இரத்தத்துக்காக நாங்கள் ஆறு பேர் ஆறு திசையில் ஓடினோம். அன்றிலிருந்து யார் யார் இரத்தம் கொடுக்கக்கூடியவர்கள், எந்த வகை, எங்கே இருப்பார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. ராயபுரத்தில் எங்கள் பக்கத்து ஐந்தாறு தெருக்களில் யாருக்கு இரத்தம் தேவைப்பட்டாலும் என் வீட்டுக்குத்தான் வருவார்கள். நோட்டில் மொத்தம் 118 பேர். இரத்த வகைக்கு ஒரு பக்கமாகப் பிரித்திருந்தேன்.

அந்த 118 பேரையும் டிஜிட்டல் டைரிக்கு ஏற்ற எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அதிலிருப்பது ஆங்கில எழுத்து மட்டும்தான்; பொத்தான்களோ துவரம்பருப்பு அளவு. கூடவே வந்த 46 பக்கக் குறிப்புப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். கடவுச்சொல் போட்டுக்கொள்ளுங்கள், அதை யாருக்கும் சொல்லாதீர்கள் என்று அதில் இருந்தது. போட்டேன். யாருக்கும் சொல்லவில்லை. பத்தாம் நாள் அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்தேன். எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்று அன்று மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நவம்பர் 5 காலையில், மழையில் நனைந்துவிடும் என்று பயந்து டைரியை வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

வீட்டில் நடந்ததை அந்தத் தம்பி சொன்னான். மீன்காரம்மாவின் மகளுக்கு விடிகாலையில் ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகியிருக்கிறது. பெண் குழந்தை. குழந்தைக்கு ஒன்றுமில்லை. தாய்க்குத்தான் இரத்தப்போக்கு நிற்கவில்லை. பி நெகடிவ். கையிருப்பில் இருந்த ஒரு பாட்டிலையும் ஏற்றிவிட்டார்கள். நாங்களும் தேடுகிறோம், நீங்களும் ஆள் தேடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை விசைப்படகில் கடலுக்குப் போய் நான்கு நாள். மீன்காரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்திருக்கிறார். அப்போது மணி 9.50.

என் மருமகள் டைரியை எடுத்திருக்கிறாள். அது கடவுச்சொல் கேட்டிருக்கிறது. முதலில் காலமான என் மனைவியின் பெயரைப் போட்டுப் பார்த்தாளாம். பிறகு மகனின் பெயர், என் பிறந்த தேதி, வீட்டு எண் என்று மொத்தம் பதினான்கு முறை. நான் வைத்திருந்ததோ துறைமுகத்தில் எனக்குக் கொடுத்திருந்த பணியாளர் எண். வங்கிக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடலாம் என்று பார்த்தால், வங்கியின் எண்ணும் அந்த மிஷினுக்குள்தான் இருந்தது. கடைசியில் தம்பியை ஆட்டோவில் அனுப்பியிருக்கிறார்கள்.

டோக்கனைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். வழியில் இரண்டு இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. வீட்டுக்குள் நுழையும்போது 10.58.

மீன்காரம்மா கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் உட்காரச் சொல்லி மருமகள் கேட்டும் உட்காரவில்லையாம். என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். மிஷினை எடுத்து என் கையில் வைத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எண்ணைப் போட்டுத் திறந்தேன். பி நெகடிவ் என்று தேடினேன். கிடைக்கவில்லை. அந்தக் கருவியில் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் தேட முடியும். இரத்த வகையை நான் விலாசத்தின் கடைசியில் போட்டிருந்தேன். பெயர்களையாவது பெயராகப் போட்டேனா என்றால் அதுவும் இல்லை. துறைமுகத்துச் சம்பளப் பட்டியலில் எழுதுவதுபோல இனிஷியலை முன்னால் போட்டிருந்தேன். ஆகவே டைரி எல்லாரையும் அவரவர் அப்பாவின் எழுத்துக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தது. நோட்டாக இருந்தால் பி நெகடிவ் ஒரே பக்கம், மூன்று பெயர். இதிலோ ஒவ்வொருவருக்கும் இரண்டு முறை பொத்தானை அழுத்தி விலாசத்தின் கடைசி வரி வரை போகவேண்டும். 118 பேருக்கு 236 அழுத்தல். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. நான் இரண்டு முறை தவறான பொத்தானை அழுத்திவிட்டேன். மருமகள் வாங்கி அழுத்தினாள்.

மூன்று பேர் கிடைத்தார்கள். முதலாமவர் இரத்தம் கொடுத்து முப்பத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மூன்று மாதம் ஆகாமல் மறுபடி எடுக்க மாட்டார்கள். இரண்டாமவர் பெரம்பூரில் ரயில்வே பட்டறையில் வேலை செய்பவர். அவர் வீட்டுப் போன் இரண்டு முறையும் அடித்து ஓய்ந்தது. மூன்றாமவருக்குச் சொந்தமாகப் போன் கிடையாது. காசிமேட்டில் ஒரு டீக்கடையின் எண்ணை பி.பி. என்று போட்டிருந்தேன். அங்கே கூப்பிட்டு ஆளைச் சொன்னால் அழைத்துக் கொடுப்பார்கள்.

கூப்பிட்டேன். பட்டியலில் இருந்த பெயரை இனிஷியலோடு சொன்னேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்று டீக்கடைக்காரர் வைத்துவிட்டார். எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டேன். எண் சரிதான், ஆள்தான் இல்லை, வியாபார நேரத்தில் தொந்தரவு செய்யாதீர்கள் என்றார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பி நெகடிவ் அதோடு முடிந்துவிட்டது. 118-இல் நான்காவது ஆள் கிடையாது.

மீன்காரம்மா கிட்டே வந்து, "அந்த ஆளு இன்னா வேல செய்றான் நைனா?" என்று கேட்டார்.

படகு இஞ்சின் பழுதுபார்ப்பவர் என்றேன். நெற்றியில் ஒரு வெட்டுக்காயம் இருக்கும் என்றேன்.

"அய்ய, நம்ம ஸ்பேனரு. இந்தப் பேரு அவன் பொண்டாட்டிக்கே தெரியாது. இங்க குடு."

என் கையிலிருந்து போனை வாங்கினார். நான் எண்ணைச் சுழற்றிக் கொடுத்தேன்.

"டேய், ஸ்பேனரு கீறானா? நாந்தான் மீன்கார அக்கா. பேஜாரு வூட்லேர்ந்து பேசறேன். ஆமாண்டா, ரத்தம் நோட்டு பேஜாரு. எம்பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குறா. அவன இட்டுகினு வா, டீ குடிச்சிகினு இருந்தாலும் கெளாஸ புடுங்கி வெச்சிட்டு இட்டுகினு வா."

மணி 11.23. ஸ்பேனர் அந்தக் கடை பெஞ்சிலேயேதான் உட்கார்ந்திருந்தானாம். நான் இரண்டு முறை கூப்பிட்டபோதும் அங்கேதான் இருந்திருக்கிறான்.

இதில் எனக்கு உறைத்தது ஒன்று உண்டு. பழைய நோட்டில் அவன் பெயருக்குப் பக்கத்தில் 'ஸ்பேனர்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். நானேதான் எழுதியது. இன்னும் முப்பது நாற்பது பேருக்கும் அப்படிப் பட்டப்பெயர் எழுதியிருந்தேன். டைரியில் ஏற்றும்போது, இதெல்லாம் மரியாதையான பட்டியலில் இருக்கலாமா என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். ரேஷன் கார்டில் இருக்கும் பெயர்தான் பெயர் என்பது என் எண்ணம். எங்கள் பக்கத்தில் ரேஷன் கார்டுப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை.

பேஜாரு, அதாவது தொல்லை, என்பது நான்தான் என்பதும் அன்றுதான் தெரிந்தது. அந்தத் தெருவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருமகளிடம், உனக்கு இது முன்பே தெரியுமா என்று கேட்டேன். அவள் ஜன்னல் இல்லாத ஆட்டோவில் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு, "கல்யாணமாகி வந்த முதல் வாரமே தெரியும் மாமா" என்றாள்.

ஸ்பேனர் எங்களுக்கு முன்பே வந்துவிட்டான். யாருடைய மோட்டார் சைக்கிளிலோ பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறான். முழங்கை வரை கிரீஸ். நர்ஸம்மா சோப்புக் கொடுத்துக் கழுவிவரச் சொன்னார். சீட்டில் என் பட்டியலில் இருந்த பெயரைத்தான் எழுதிக் கொடுத்தேன். நர்ஸம்மா அந்தப் பெயரை வாசலில் நின்று இரண்டு முறை கூப்பிட்டார். ஸ்பேனர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாவது முறை நான் தோளைத் தட்டியதும்தான், "அட, நாந்தான் இல்ல" என்று எழுந்தான்.

இரத்தம் எடுத்துப் பரிசோதித்து ஏற்றத் தொடங்கும்போது மணி 1.20. நாலரைக்கு இரத்தப்போக்கு நின்றது. மத்தியானம் மருமகள் வீட்டுக்குப் போனபோது, போனில் பதிந்திருந்த எங்கள் எண்ணைப் பார்த்துப் பெரம்பூர்க்காரரின் மனைவி திரும்பக் கூப்பிட்டார்; அவர் சொல்லி, கணவர் ஷிப்ட் முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து இன்னொரு பாட்டில் கொடுத்தார். பெண் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பிழைத்துக்கொண்டாள்.

அன்று மாலை டாக்டரம்மா வெளியே வந்தபோது நான் போய்க் கேட்டேன். இரத்தம் ஒன்றரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு கஷ்டப்பட்டிருப்பாளா என்று. அவர் என்னைப் பார்த்து, அதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், போய்ச் சாப்பிடுங்கள் என்றார். நான் எண்ணிவிட்டேன். 9.50-லிருந்து 11.23 வரை. கடவுச்சொல்லால் ஐம்பது நிமிடம், ஆட்டோவில் பதினெட்டு, பொத்தான் அழுத்தியதில் பன்னிரண்டு, மரியாதையான பெயரைச் சொல்லி டீக்கடையோடு மல்லுக்கட்டியதிலும் பெரம்பூர் போனிலும் பதின்மூன்று. ஆகமொத்தம் 93.

மறு வாரம் மீன்காரம்மாவிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் மீனின் செதிளைச் சுரண்டிக்கொண்டே, "இன்னாத்துக்கு பேஜாரு பண்ற நைனா? இன்னும் எத்தினி பேர அந்த மிஷின்ல பேர் மாத்தி வெச்சிக்கீற, அத மொதல்ல பாரு" என்றார்.

பார்த்தேன். 118 பேரையும் அழித்து மறுபடி ஏற்றினேன். இந்த முறை ஆறு நாள். பெயர் எழுதும் இடத்தில் முதலில் இரத்த வகை, அடுத்தது ஊர் கூப்பிடும் பெயர், கடைசியில்தான் உண்மைப் பெயர். இப்போது பி நெகடிவ் மூவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். எனவே புதிதாக வாங்குகிறவர்களே, அவசரத்தில் எதைக் கேட்டுத் தேடுவீர்களோ அதையே முதல் எழுத்தாக வையுங்கள். உங்கள் சௌகரியத்தைப் பார்க்காமல், நீங்கள் இல்லாதபோது அதைத் திறக்கப்போகிறவரின் சௌகரியத்தைப் பாருங்கள். பணம், சொத்து சம்பந்தமாக ஏதாவது இருந்தால் அதற்கு மட்டும் பூட்டுப் போடுங்கள். மற்றவர்களுக்கு வேண்டிய விவரத்தைப் பூட்டாதீர்கள். பூட்டித்தான் ஆகவேண்டுமென்றால் வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள். எந்தக் குறிப்புப் புத்தகம் என்ன சொன்னாலும் சரி. எழுதிய காகிதத்தை உடனே எடைக்குப் போடாதீர்கள்.

பேட்டரி விஷயம் ஒன்று. உள்ளே இரண்டு இருக்கும். ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று ஞாபகத்தைக் காப்பாற்ற. எங்கள் பக்கம் உப்புக்காற்றில் அவற்றின் விளிம்பு பச்சை பூத்துவிடும். துடைப்பதற்காக இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றிவிடாதீர்கள்; எல்லாம் போய்விடும். இந்தத் தவற்றை நான் செய்யவில்லை. செய்யாமல் விட்டது இது ஒன்றுதான் என்று மருமகள் சொல்கிறாள்.

நடந்து ஏழு மாதம் ஆகிறது. ஸ்பேனர் இதுவரை இன்னும் இரண்டு முறை கொடுத்திருக்கிறான்.

அன்று எனக்கு ஆன செலவு இது: ஆட்டோ, வங்கிக்கு வந்து திரும்பியது 70, ஆஸ்பத்திரிக்கு 25, போன் மூன்று அழைப்பு 3.60, ஸ்பேனருக்குப் பன்னும் டீயும் 8, மறுநாள் மறுபடி வங்கிக்குப் போய்வர பஸ் 7. ஆக 113 ரூபாய் 60 காசு. அந்த 93 நிமிடம் இதில் சேரவில்லை; அதைச் செலவழித்தவன் நான், கொடுத்தவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தப் பெண்.