கோவிலூரைத் தாண்டிய கால்

வலி முதலில் ஒரு பொட்டு அளவுதான் இருந்தது. இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில், ஒரு விரல் நுனியால் மூடிவிடலாம். காரைக்குடியில் கல்லூரி அணிக்காக ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுகிறவள் நான். ஓடினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும். வலிக்கு ஸ்பிரே அடித்துக்கொண்டு ஓடினேன். மாடிப்படி இறங்கும்போதே வந்த அன்றைக்குத்தான் அம்மாவிடம் சொன்னேன்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது. ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் (ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் ஏற்படும் நுண்விரிசல்) என்றார் எலும்பு மருத்துவர். கீழே விழவில்லை, அடிபடவில்லை, எப்படி விரியும் என்று அம்மா அவரிடம் மல்லுக்கு நின்றாள். அவர் என் பக்கம் திரும்பி, காலையில் என்ன சாப்பிடுகிறாய், மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று கேட்டார். வெறும் வயிற்றில் ஓடுகிறேன், சில மாதங்களாக வரவில்லை என்றேன். போதுமான சாப்பாடு இல்லாவிட்டால் எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளாது என்று விளக்கினார். அம்மா சத்துணவு அமைப்பாளர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் முட்டை கொடுப்பவள்.

ஊன்றுகோலோடு இருந்த வாரங்களைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சும்மா இருப்பதைத்தான் பொறுக்க முடியாது. மின்விசிறியோடு சண்டை போட்டேன். நலம் விசாரிக்க வந்தவர்களிடம் எரிந்து விழுந்தேன். தூக்கத்தில்கூடக் கால் உதறும் என்றாள் அம்மா.

பிறகு மருத்துவரிடமிருந்து நடக்க அனுமதி கிடைத்தது. ஷூ போட்டு, வயிறாரச் சாப்பிட்டு, அரை மணி நேரம். வலியில்லாமல் நடந்தால்தான் மெதுவோட்டம். அதே இடத்தில் மறுபடி விரிந்தால் எலும்பு முழுசாகவே முறியலாம், அப்புறம் ஓட்டம் சந்தேகம்தான் என்றும் சொன்னார்.

அப்போதுதான் அம்மா தன் வேண்டுதலை வெளியே எடுத்தாள். கால் குணமானால் தைப்பூசத்துக்கு நான் பழனிக்கு நடந்து வருவதாக முருகனிடம் சொல்லியிருக்கிறாள். ஒருவேளைச் சாப்பாடு, வெறுங்கால், பல நாள் நடை. மருத்துவர் சொன்னதற்கெல்லாம் நேர் எதிர். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையில் குஷியாக இருந்தது. நடைதானே, ஓட்டமில்லையே என்று எனக்கு நானே வக்கீலானேன்.

மருத்துவரிடம் போய்க் கேட்டோம். அவர் அசையவில்லை. ஊர் எல்லையில் கோவிலூர் வரை போகலாம், சாப்பிட்டுவிட்டு, ஷூவோடு, வலித்தால் உடனே வண்டி என்றார்.

“முருகனுக்கு வாக்குக் குடுத்துட்டேன் டாக்டர். நீங்க இப்படிச் சொல்லுறீக,” என்றாள் அம்மா.

“வாக்கு நீங்க குடுத்தது. கால் அந்தப் பிள்ளையோடது,” என்றார் அவர்.

தை மாதக் காலையில் கூட்டத்தோடு கிளம்பினோம். இட்லி தின்ற வயிறோடு, வெறுங்கால்களுக்கு நடுவே என் ஷூ மட்டும். கூச்சமாக இருந்தது. கோவிலூர் வந்தது. கால் வலிக்கவில்லை. நான் நிற்கவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள், அவளும் கூடவே நடந்தாள். ஆசை இருவருக்கும் இருந்தது.

குன்றக்குடி மலை கண்ணில் பட்டபோது அந்தப் பொட்டு திரும்பி வந்தது. அதே இடம், அதே ஒரு விரல். இன்னும் கொஞ்சம் நடந்து பார்க்கலாம் என்று உடம்பெல்லாம் பரபரத்தது. பயமும் வந்தது. சாலையோரம் உட்கார்ந்தேன்.

“அம்மா, வலிக்கிது. அதே எடம்.”

அம்மா விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தாள். “நீ பஸ்ஸுல ஏறு. ஒங்கால கேக்காம நாந்தேன் வேண்டுனேன். நான் நடக்கேன்,” என்றாள். பேருந்து வரும்வரை கூடவே நின்றுவிட்டு, கூட்டத்தைப் பிடிக்க விறுவிறுவென்று போனாள்.

மருத்துவர் திட்டினார். நல்லவேளை, புதிய விரிசல் இல்லை. மீண்டும் ஓய்வு, மீண்டும் அரை மணி நடை என்று முதலிலிருந்து தொடங்கினேன். இப்போது சிறிது ஓட்டம், சிறிது நடை என்று மாற்றி மாற்றிப் போகிறேன். மாதவிலக்கு வருகிறது. ஸ்டாப்வாட்ச் அலமாரியில் இருக்கிறது. இன்று ஓடியது சரியா என்பது நாளைக் காலை கட்டிலிலிருந்து இறங்கும்போதுதான் தெரியும். வலி வந்தால் ஒரு படி பின்னால் போக வேண்டும். ஒரு ஓட்டம் முடிய ஒரு நாளாகிறது எனக்கு.

கட்டிலிலிருந்து இறங்கும்போது காலைச் சோதித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் அம்மா பழனியிலிருந்து திரும்பிய மறுநாள் தொடங்கியது. பாதமெல்லாம் கொப்புளமாகப் பாயில் கிடந்தவள், என் கால் தரையைத் தொடும்வரை கண்ணெடுக்கவில்லை.

“வலிக்கிதா?”

“இல்லம்மா.”

அதற்குப் பிறகுதான் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் காலைத் தரையில் வைத்தாள்.