வெள்ளி வாங்கியவன் இன்னும் தண்ணீரில்

நேரத்தைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று நடுவர் மேசையில் சண்டை போட்ட நீச்சல்காரன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் எல்லாம் கூட்டிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் சண்டைக்குப் போவார்கள். வருஷம் இரண்டு ஆகப்போகிறது. இன்றைக்கும் நினைத்தால் காது மடல் சூடாகிறது.

முதலில் என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர்க்காரன். புனே ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிக்கும் வேலை. ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால் டாக்டர் ஓடாதே என்றார், மாடிப்படி ஏறாதே என்றார், வேண்டுமானால் நீந்து என்றார். நீந்தினேன். என் நீச்சலை முதல்முறை பார்க்கிறவர்கள் குதித்துக் காப்பாற்றலாமா என்று ஒரு கணம் யோசிப்பார்கள். ஆனால் முழுக மாட்டேன். வேகம் கிடையாதே தவிர, நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பேன். சாயங்காலம் ஹிஞ்சேவாடி நெரிசலில் கிளம்பும் எங்கள் கம்பெனி வண்டியோடு போட்டி வைத்தால் நான்தான் ஜெயிப்பேன். நான் ஜெயிக்கக்கூடிய ஒரே எதிராளி அது.

இப்படிப்பட்டவனுக்கு சர்வதேசப் போட்டியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். மூத்தோருக்கான போட்டி அது. பெயர் கொடுத்தால் போதும், தேர்வெல்லாம் இல்லை. பல நாடுகளிலிருந்து நரைத்த தலைகளும் சரிந்த வயிறுகளும் புனேயில் வந்து இறங்கின. நான் ஆண்கள் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலுக்குப் பெயர் கொடுத்தேன். என் வயதுப் பிரிவில் மொத்தம் மூன்றே பேர். கஜகஸ்தானிலிருந்து ஒருவர், அவர் தோள் எங்கள் வீட்டு வாசலில் நேராக நுழையாது. யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியர். மூன்றாவது நான். நீந்தி முடித்தாலே வெண்கலம். அதைப் பார்த்துத்தான் பெயர் கொடுத்தேன் என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். ஆனால் வேறொன்றும் இருந்தது. எதையாவது ஆரம்பித்து முழுசாக முடித்தான் என்ற புகார் பள்ளிக்கூட நாளிலிருந்து என் மேல் வந்ததில்லை. கிடார், ஜெர்மன் மொழி, வீட்டுக்கடனைச் சீக்கிரம் அடைக்கும் திட்டம், எல்லாம் பாதியில் நிற்கின்றன. இந்த ஒரு தூரத்தையாவது முழுசாக நீந்திவிட வேண்டும் என்று ஒரு வருஷமாக விடிகாலையில் குளோரினைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

குளத்தின் நீளம் ஐம்பது மீட்டர். முப்பது நீளம் போக வேண்டும். தண்ணீருக்குள் யாராலும் எண்ண முடியாது. எனக்கோ ஆறாவது நீளத்திலேயே சாயங்காலம் என்ன டிபன் என்ற சிந்தனை வந்துவிடும். அதற்காகத்தான் எதிர்முனையில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இன்னும் எத்தனை நீளம் பாக்கி என்று எண் எழுதிய அட்டையைத் தண்ணீருக்குள் காட்டுவார். இரண்டே நீளம் பாக்கி இருக்கும்போது, புறப்பட்ட முனையில் மணி அடிப்பார்கள். தொண்டர்கள் போதவில்லை, அட்டை காட்ட ஆளை நீங்களே கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் மனைவியைக் கூட்டிப் போனேன். புனே கேம்ப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள். நான் தின்ற இட்லிகளின் எண்ணிக்கையைப் பற்றி எங்களுக்குள் வரும் வாக்குவாதங்களில் இதுவரை அவள் தோற்றதில்லை.

தடங்கள் போதாததால் இரண்டு சுற்றாக விட்டார்கள்; கஜகஸ்தான்காரரும் ஆசிரியரும் முதல் சுற்றிலேயே நீந்தி முடித்துவிட்டார்கள், என்னை இரண்டாவதில் போட்டிருந்தார்கள். எங்கள் சுற்று தொடங்கியது. எல்லாரும் போனார்கள், நானும் போனேன். எல்லாரும் முடித்தார்கள், நான் போய்க்கொண்டிருந்தேன். இதில் எனக்கு வருத்தமில்லை, கடைசியில் வருவது என் வழக்கமான இடம். அன்றைக்கு நடந்த விபரீதம் என்னவென்றால், சிறப்பு விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். இதை அமைப்பாளர்கள் யாருமே எதிர்பார்க்கவில்லை. அவர் அடுத்து பிம்ப்ரியில் ஏதோ திறப்பு விழாவுக்குப் போக வேண்டுமாம்.

டோல்-தாஷா மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். கணபதி ஊர்வலத்துக்கு அடிக்கும் அதே அடி. தண்ணீருக்குள் அது காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. மூச்சுக்காகத் தலையைத் திருப்பும் ஒவ்வொரு தடவையும் கரையில் ஒரு காட்சி. ஒரு மூச்சில் மாலை. அடுத்த மூச்சில் சால்வை. அதற்கடுத்த மூச்சில் ஆரஞ்சு நிற ஃபேட்டா கட்டிய தலை. இன்னொரு மூச்சில், பக்கத்துத் தடத்தின் மிதவைக் கயிற்றை இரண்டு பேர் இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இன்னும் நீந்திக்கொண்டிருக்கும் குளத்தில்! கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்தி சாப்பிடும்போது நாற்காலியை அடுக்குவார்களே, அப்படி.

அப்போதுதான் மணி அடித்தது.

சந்தோஷம் பொங்கிவிட்டது எனக்கு. இன்னும் இரண்டே நீளம். காலை வேகமாக உதைத்துக்கொண்டு எதிர்முனைக்குப் போனேன். அட்டையில் ஒன்று என்று இருக்க வேண்டும். ஏழு என்று இருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினேன். ஃப்ரீஸ்டைலில் அதற்குத் தடை இல்லை. மனைவியின் சுடிதார் முழங்கால் வரை நனைந்திருந்தது. முகத்தில் நான் பார்த்தேயிராத கோபம்.

“ஏனுங்க, அந்த மணியை நம்பாதீங்க. அவங்க அவசரத்துக்கு அடிக்கறாங்க. இன்னும் ஏழு இருக்குதுங்க.”

“நிச்சயமா ஏழா?”

“ஏழுதானுங்க. பேசற நேரத்துக்குப் பாதி தூரம் போயிருக்கலாம்.”

ஒரு பக்கம் வெள்ளைச் சட்டை, சர்வதேச அடையாள அட்டை, பித்தளை மணி. இன்னொரு பக்கம் இவள். என் கைகால்கள் அத்தனையும் மணியின் கட்சி. நான் இட்லியை நினைத்துக்கொண்டேன். உதைத்துக் கிளம்பினேன்.

புறப்பட்ட முனையைத் தொட்டபோது, மணி அடித்த வெள்ளைச் சட்டைக்காரர் குனிந்து கையை நீட்டினார். “பஸ் ஜாலா காகா, பாஹேர் யா” என்றார். போதும் பெரியவரே, வெளியே வாங்க என்று கூப்பிடுகிறார். எது போதும்? யாருக்குப் போதும்? ஒரு வருஷமாக விடிகாலையில் எழுந்தது இவரா? வாய் நிறையத் தண்ணீர் இருந்ததால் என் பதில் நாகரிகமாக அமைந்தது. திரும்பி நீந்தினேன்.

அதற்குப் பிறகு ஒலிபெருக்கியில் என் பெயர் வந்தது. என்னை விரட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மறுபடி வந்தது. மூச்சுக்குத் திரும்பியபோது மேடை தெரிந்தது. முதல் படியில் கஜகஸ்தான். மூன்றாவது படியில் யாழ்ப்பாணத்து ஆசிரியர். இரண்டாவது படி காலி. ஆசிரியர் மட்டும் புகைப்படக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டையைப் பார்த்து அட்டையைப் பார்த்து நீந்தினேன்.

கடைசி இரண்டு நீளத்துக்கு மணி அடிக்க ஆளில்லை. முடித்துச் சுவரைத் தொட்டபோது, நேரம் எடுப்பவர்களின் நாற்காலிகள் காலியாக இருந்தன. எல்லாரும் புலாவ் டப்பா வாங்கப் போயிருந்தார்கள். கழுத்தில் வெண்கலத்தோடு ஆசிரியர் ஒருவர்தான் நின்றிருந்தார். கைகொடுத்து என்னைத் தூக்கிவிட்டார்.

“முடிச்சிட்டீங்கள் அண்ணை,” என்றார். பிறகு தயங்கி, “உங்களுக்கு வெள்ளியாம். நீங்கள் நீந்திக்கொண்டிருக்கேக்கையே குடுத்திட்டினம்.”

விஷயம் மெல்லத்தான் மண்டையில் ஏறியது. அவர்கள் மணி அடித்த கணக்குப்படி நான் சுவரைத் தொட்டேன் அல்லவா, அங்கேயே கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள். ஆறு நீளம் நீந்தாமலே முடித்ததாக என் பெயருக்கு எதிரே ஒரு நேரம். அது முதல் சுற்றில் ஆசிரியர் எடுத்த நேரத்தைவிடக் குறைவு. உண்மையில் இரண்டாவதாக வந்த மனிதரை மூன்றாவது படியில் ஏற்றிவிட்டார்கள், அதுவும் என் பெயரைச் சொல்லி.

துண்டைக்கூடக் கட்டாமல் நடுவர் மேசைக்குப் போனேன். நீச்சல் உடையில் தொப்பையோடு நின்று நியாயம் கேட்பது எளிதல்ல, எதிராளியின் பார்வை நிலையாக இருக்காது. எனக்கு என் நேரம் வேண்டும், என்னுடைய மோசமான நேரம், ஒரு நொடி குறையாமல் வேண்டும் என்றேன். தலைமை நடுவர் புலாவைக் கிளறிக்கொண்டே, நல்ல நேரம் கொடுத்திருக்கிறோம், அதற்கா தகராறு என்று இந்தியில் கேட்டார். நான் எண்ணினேன், ஆறு நீளம் முன்னாலேயே மணி அடித்தீர்கள் என்று என் மனைவி நல்ல மராத்தியில் சொன்னாள். உங்கள் எண்ணிக்கை அதிகாரபூர்வமானதல்ல என்றார். ஆளை நீங்களே கூட்டி வாருங்கள் என்று சொன்னவர்கள் இவர்கள்தான்!

கடைசியில் இரண்டு வழி சொன்னார். அந்த நேரத்தை ஒப்புக்கொண்டு வெள்ளியை எடுத்துக்கொள்ளலாம். மறுத்தால் வேறு நேரம் கிடையாது, ‘முடிக்கவில்லை’ என்றுதான் போட முடியும்.

பொய் சொல்லமாட்டேன், வெள்ளி மேசைமேல் பளபளத்துக்கொண்டு கிடந்தது. மனைவியைப் பார்த்தேன்.

“வாங்கிட்டு வந்தா ஊட்டுல எங்க மாட்டறதுங்க? பாக்கறப்பல்லாம் நான் ஆறைக் கழிச்சுப் பாக்கணும்.”

‘முடிக்கவில்லை’ என்று போடச் சொன்னேன். வெள்ளி ஆசிரியருக்குப் போனது. அவர் தன் வெண்கலத்தைக் கழற்றி என் பக்கம் நீட்டினார். முடிக்காதவருக்குப் பதக்கம் கிடையாது என்று நடுவர் அதை நடுவில் வாங்கிப் பெட்டியில் போட்டு மூடினார். ஆயுசில் நான் முழுசாக முடித்த ஒரே காரியம். அதற்கு முடிக்கவில்லை என்று முத்திரை குத்திவிட்டு அந்த ஆள் புலாவுக்குத் திரும்பிப் போனார். தயிர்ப் பச்சடி வரவில்லை என்று அவர் யாரையோ கடிந்துகொண்டதும் என் காதில் விழுந்தது. அந்த நியாய உணர்ச்சியில் துளியாவது எனக்குக் கிடைத்திருக்கலாம்.

சாயங்காலம் போட்டிக் குழுவின் வாட்ஸ்அப்பில் பரிசளிப்புப் படம் வந்தது. அதைத்தான் மனைவி பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு, ஹாலில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் சிறப்பு விருந்தினருக்கு நாங்கள் என்ன உறவு என்று கேட்கிறார்கள். படத்தில் அவர் சிரிக்கிறார். இரண்டாவது படி காலியாக இருக்கிறது. அந்தக் காலி இடத்துக்குப் பின்னால், குளத்தின் நடுவில், தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிகிறது. அது நான். அதற்கும் அப்பால், மறுகரையில், அட்டையோடு குத்துக்காலிட்டு ஒரு சின்ன உருவம். எண்ணைப் படிக்க முடியாத அளவு சிறியது. மூன்று என்கிறாள். மூன்றுதான்.